மைஷோஸ்: ஓர் ஆற்றோர ஊரில் எது பழையது, எது புதியது?

கேள்வி கேட்டவர் படிப்புக்காக ஜெர்மனியின் பான் நகரத்துக்கு வந்திருக்கிறார். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர் பள்ளத்தாக்கில் மைஷோஸ் என்ற சின்ன ஊருக்குப் போனாராம். ஒரு வீட்டு முகப்பில் கலர் காகிதப் பட்டைகள் கட்டிய பிர்ச் மரம் நின்றது, ஒயின் கூட்டுறவுச் சங்கம் "உலகிலேயே பழமையானது" என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் ஊரில் பாதி இடங்களில் இன்னும் கட்டுமான வேலை நடக்கிறது. "இந்த ஊரின் வரலாறு என்ன? இந்தப் பழக்கங்கள் உண்மையிலேயே பழையவையா, டூரிஸ்டுகளுக்காக வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான் என்று நினைக்கிறேன்: 2021 வெள்ளம் இவ்வளவையும் அடித்துக்கொண்டு போன பிறகு, அங்கே மிஞ்சி நிற்பது பழைய ஊர்தானா, அதன் பெயரில் நடக்கும் வேறொன்றா?

நான் ரைன்லாந்து வட்டார வரலாறு படித்தவன். பங்குக் கோயில் பதிவேடுகளோடும் நில ஆவணங்களோடும்தான் என் வேலை. நீரியல் என் துறை இல்லை. வெள்ளக் கணக்கு வரும் இடத்தில் அந்தத் துறைக்காரர்கள் கண்டுபிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், மற்ற எல்லாம் அதிலிருந்து வருவதுதான். ஆர் பெரிய ஆறு இல்லை. ஐஃபெல் மலைப்பகுதியில் பிளாங்கன்ஹைம் என்ற ஊரில், மரச்சட்டமிட்ட ஒரு பழைய வீட்டின் நிலவறையில் ஊற்றாகக் கிளம்பி, சுமார் 85 கிலோமீட்டர் ஓடி, ஸின்ஸிக் பக்கத்தில் ரைன் நதியில் கலக்கிறது. ஆல்டெனார் முதல் வால்போர்ட்ஸ்ஹைம் வரை அது பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. மைஷோஸ் அந்த இடுக்கில் இருக்கிறது. சுமார் 900 பேர் வாழும் ஊர். ஆறு, சாலை, ரயில் பாதை, வீடுகள் எல்லாமே பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஒரே துண்டு நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதற்கு மேலே நேராகச் சரிவு. சரிவு முழுவதும் திராட்சை. ஸ்லேட் கற்களை சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் வெறுமனே அடுக்கிக் கட்டிய சுவர்கள் படிப்படியாக ஏறுகின்றன. பகலில் அந்தக் கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்கு விடுகிறது. இவ்வளவு வடக்கே சிவப்பு ஒயின் விளைய அது ஒரு முக்கியமான காரணம்.

சரி, வரலாறு. ஆர் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிட்டதற்கான எழுத்துச் சான்று 893ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ப்ரூயம் மடத்தின் சொத்துப் பதிவேட்டில் இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வருகின்றன. இது உறுதி. "ரோமானியர்கள் நட்ட கொடி" என்று விளம்பரங்களில் வருவது உறுதியில்லை. ரோமானியர்கள் இங்கே வசதியாக வாழ்ந்தார்கள் என்பதில் சந்தேகமே கிடையாது. 1980இல் ஆர்வைலர் அருகே சாலை வேலையின்போது அவர்களுடைய பெரிய மாளிகை ஒன்று ஓவியம் தீட்டிய சுவர்களோடு கிடைத்தது. வசதியாக வாழ்ந்தவர்கள் ஒயின் குடித்திருப்பார்கள். ஆனால் இங்கேயே பயிரிட்டார்கள் என்பது ஊகம்தான், நல்ல ஊகமாக இருந்தாலும்.

ஊருக்கு மேலே பாறையில் நிற்கும் இடிபாடு ஸாஃபென்புர்க். 1081இலேயே ஆவணத்தில் பெயர் வருகிறது. பள்ளத்தாக்கின் மிகப் பழைய கோட்டைகளில் ஒன்று. ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்தபோது 1704இல் அதைத் தகர்த்தார்கள். பல நூற்றாண்டுகளாக மைஷோஸ் மக்கள் அந்தக் கோட்டையின் குடிகள். கோட்டை ஒரு பிரபுக் குடும்பத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. ஊர்க் கோயிலுக்குள் போனால் கறுப்புச் சலவைக்கல்லில் ஒரு கல்லறையைப் பார்க்கலாம். 1646இல் இறந்த கத்தரீனா ஃபொன் டெர் மார்க் என்ற கோட்டைச் சீமாட்டியுடையது. 900 பேர் ஊரில் அந்தக் கல்லறை நிற்பதே, அதிகாரம் மேலே எங்கே உட்கார்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. அடுத்த முறை போகும்போது தவறவிடாதீர்கள்.

1794இல் பிரெஞ்சுப் படை வந்தது. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த காலம் இது, ஏனென்றால் மாற்றம் காகிதத்திலேயே தெரியும். ரைன் நதியின் இடது கரை ஊர்களில் அதுவரை பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பங்குச் சாமியார் லத்தீனில் ஒரு வரியில் எழுதி வைத்தார். 1798 முதல் அரசுப் பதிவு தொடங்குகிறது. திடீரென்று ஒரு திராட்சை விவசாயியின் குழந்தைக்கு முழுப் பக்கம் கிடைக்கிறது: பிரெஞ்சு மொழி, புரட்சி நாட்காட்டியின் தேதி, தகப்பனின் வயது, தொழில், சாட்சிகள், கடைசியில் கையெழுத்து. கைநாட்டு வைத்தவர் யார், தடுமாறித் தடுமாறிப் பெயர் எழுதியவர் யார் என்று பார்க்கும்போது அந்த ஆட்கள் எதிரே வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் மடங்களின் தோட்டங்களைப் பறித்து ஏலம் விட்டார்கள், பிரபுக்களின் உரிமைகளை ஒழித்தார்கள். 1815இல் ஊர் பிரஷ்ய ராஜ்யத்தின் கீழ் போனது. ஆனால் பிரெஞ்சுச் சிவில் சட்டம் ரைன்லாந்தில் 1900 வரை நடைமுறையில் இருந்தது.

அந்தச் சட்டத்தில் சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிசமம். இந்தப் பக்கத்தில் முன்பே இருந்த பழக்கம்தான். சட்டம் அதை இறுக்கியது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் செங்குத்துச் சரிவில், இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் தோட்டம் நான்கு கொடி வரிசை இங்கே, ஆறு வரிசை அங்கே என்று சிதறிவிடும். பத்துத் துண்டு நிலம் வைத்திருப்பவன்கூட ஏழைதான். ஒயின் தயாரிக்க நிலவறை வேண்டும், பீப்பாய் வேண்டும், விற்கும் வரை காத்திருக்கக் கையில் காசு வேண்டும். மூன்றும் இல்லாதவன் அறுவடை முடிந்ததும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். 1834இல் ஜெர்மன் சுங்க ஒன்றியம் வந்து, தெற்கிலிருந்து மலிவான ஒயின் வரியில்லாமல் சந்தைக்குள் நுழைந்ததும் ஆர் விவசாயிகள் நொறுங்கிப்போனார்கள். விளையாத ஆண்டுகளும் சேர்ந்துகொண்டன. பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

போகாமல் தங்கியவர்கள் 1868இல் மைஷோஸில் ஒயின் சங்கம் தொடங்கினார்கள். இந்த ஊரின் வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். யோசனை எளிது: ஆளுக்கு ஆள் ஒயின் தயாரிக்க வேண்டாம்; திராட்சையைக் கொண்டுவந்து கொடு, பொது நிலவறையில் ஒயினாக்கிப் பொதுவில் விற்போம், பங்குக்கு ஏற்பப் பணம். ஆனால் அன்றைய சட்டத்தின்படி, 1889 வரை, கூட்டுறவுச் சங்க உறுப்பினரின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சங்கம் கடனில் மூழ்கினால் உறுப்பினரின் வீடு, நிலம், மாடு எல்லாம் போகும். நான்கு கொடி வரிசை வைத்திருப்பவன் அதைப் பக்கத்து வீட்டுக்காரனின் நேர்மையை நம்பி அடகு வைத்ததுபோலத்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும், அல்லது எவ்வளவு வழியில்லாமல் போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

"உலகிலேயே பழமையானது" என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வூர்ட்டெம்பெர்க் பகுதியில் நெக்கார்ஸுல்மில் 1855இலேயே திராட்சை விவசாயிகள் சங்கம் வைத்திருந்தார்கள். அது பிற்காலத்தில் பக்கத்துச் சங்கத்தோடு இணைந்துவிட்டது. மைஷோஸ் சங்கமும் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்ததுதான். ஆகவே "முதன்முதலாக" என்று சொன்னால் தவறு. "இன்றுவரை இயங்கிவரும் மிகப் பழைய ஒயின் கூட்டுறவுச் சங்கம்" என்றால் நியாயமாக வாதாடலாம். எனக்கு இந்தப் போட்டி முக்கியமாகப் படவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கலையாமல் இருப்பதே போதும்.

அதே பத்தாண்டில், ரைன் நதியின் எதிர்க்கரையில் நோய்வீட் பக்கத்து ஹெட்டஸ்டோர்ஃபில், ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ராய்ஃபைசன் என்ற ஊராட்சித் தலைவர் 1864இல் கடன் சங்கம் அமைத்தார். நம் ஊரோடு உண்மையான தொடர்பு இங்கேதான் இருக்கிறது. சென்னை மாகாண அரசு விவசாயக் கடனுக்கு வழி தேடி ஃப்ரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய முறைகளைப் படித்துவரச் சொன்னது. 1895இலும் 1897இலும் வந்த அவருடைய அறிக்கை, ராய்ஃபைசன் முறையைத்தான் இந்தியக் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில் சங்கம் பதிவானது. தமிழ்நாட்டுக் கிராமத்து கூட்டுறவு சொசைட்டியில் நகைக்கடன் வாங்கி வளர்ந்த யாருக்கும் மைஷோஸ் சங்கத்தின் நியாயம் உடனே புரியும்.

1886இல் ரயில் ஆல்டெனார் வரை வந்தது. கொலோன், பான் நகரத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து குடித்துவிட்டு மாலையில் திரும்பினார்கள். சுற்றுலா இந்த ஊருக்கு நேற்று வந்தது கிடையாது, அதற்கே நூறு வயது தாண்டிவிட்டது.

இனி பழக்கங்கள். நீங்கள் பார்த்தது மே மரம். ஏப்ரல் 30 இரவில் ரைன்லாந்து இளைஞர்கள் பிர்ச் மரத்தை வெட்டி, க்ரேப் காகிதப் பட்டைகள் கட்டி, தனக்குப் பிடித்த பெண்ணின் வீட்டு முன்னால், பெரும்பாலும் மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். பெயர் எழுதிய இதய வடிவ அட்டையும் தொங்கும். மரத்தைத் திருட வேறு கும்பல் அலையும் என்பதால் விடியும்வரை காவல் இருப்பார்கள். மாதம் முழுக்க மரம் நிற்கும். முடிந்ததும் வைத்தவனே வந்து எடுக்க வேண்டும். அப்போது பெண்ணின் அம்மா கேக் தருவார், அப்பா ஒரு பெட்டி பியர் தருவார். லீப் ஆண்டில் மட்டும் பெண்கள் மரம் வைப்பார்கள். இதில் டூரிஸ்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. யார் வீட்டில் யார் வைத்த மரம் என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தமே இருக்கிறது, அது ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இதே மே மாதத்தோடு சேர்ந்த இன்னொரு வழக்கமும் ரைன்லாந்து கிராமங்கள் பலவற்றில் உண்டு: கல்யாணமாகாத வாலிபர் சங்கம் ஊர்ப் பெண்களின் பெயர்களை ஏலம் விடுவது. அதிகத் தொகை கேட்டவன் அந்தப் பெண்ணோடு மே மாத நடனத்துக்குப் போவான். பணம் விழாச் செலவுக்கு. பல இடங்களில் பெண்கள் ஆட்சேபித்ததால் கைவிட்டார்கள் அல்லது முறையை மாற்றிக்கொண்டார்கள். பழையது என்பதாலேயே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதைக் கைவிட்டது சரிதான்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் இரவுக்குப் பிறகு பாஸ்கா, அதாவது ஈஸ்டர், வரை கோயில் மணி அடிக்காது. மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துவிட்டன என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். மணிக்குப் பதிலாகச் சிறுவர் சிறுமியர் மரக் கிலுகிலுப்பைகளைச் சுழற்றிக்கொண்டு குறிப்பிட்ட நேரங்களில் தெருத்தெருவாகப் போவார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் மெல்லிய மரத் தகட்டைத் தட்டித் தட்டிக் கரகரவென்று சத்தம் எழும்பும். இரண்டு கரையும் பாறையாக இருக்கும் இடத்தில் அந்தச் சத்தம் எதிரொலித்துப் பெருகும். கடைசியில் வீடு வீடாகப் போய் முட்டையும் மிட்டாயும் சில்லறையும் வசூல் செய்வார்கள்.

நவம்பரில் மார்ட்டின் திருநாள். ஆர் பள்ளத்தாக்கில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆர்வைலர் நகரத்தின் நான்கு பழைய பேட்டைகளும் எதிரே உள்ள திராட்சைச் சரிவுகளில் பெரிய நெருப்பு வளர்ப்பார்கள். பந்தங்களை வரிசையாக நட்டு, இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய சித்திரம் எரிவதுபோலச் செய்வார்கள். பேட்டைக்குப் பேட்டை போட்டி. சித்திரம் என்னவென்று கடைசி வரை ரகசியம்.

இவற்றில் எது பழையது? காகித விளக்கு ஏந்திய குழந்தைகள் ஊர்வலம், முன்னால் குதிரையில் புனித மார்ட்டின் என்ற இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரைன்லாந்து நகரங்களில் உருவாகிப் பள்ளிக்கூடங்கள் மூலம் கிராமங்களுக்குப் பரவியது. நெருப்பு மூட்டுவதும் மே மரமும் அதைவிடப் பழையவை. அது நமக்குத் தெரிவதே பெரும்பாலும் தடை உத்தரவுகளால்தான்: காடு அழிகிறது, தீப்பிடிக்கிறது, வாலிபர்கள் குடித்துவிட்டு ரகளை செய்கிறார்கள் என்று அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். "கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஜெர்மானிய வழிபாட்டின் எச்சம்" என்று இணையத்தில் படிப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டு ஆர்வலர்கள் கட்டிய கதை அது. ஆய்வாளர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

ஒயின் திருவிழாவும் ஒயின் ராணியும் எல்லோரும் நினைப்பதைவிட மிகவும் இளையவை. ஒயின் விழாக்கள் நாடு முழுவதும் இன்றைய பாணியில் பரவியதில் 1930களின் நாஜி அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. விற்காமல் தேங்கிய ஒயினைத் தீர்க்க, 1935 வாக்கில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஓர் ஒயின் ஊரைப் "பங்காளி" ஆக்கி விழா நடத்தச் செய்தார்கள். ஜெர்மன் ஒயின் ராணிப் பட்டம் 1949இல் தொடங்கியது. இதை ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே சர்வாதிகாரம் 1944இல், டெர்னாவுக்கும் மரியன்டாலுக்கும் இடையிலான பழைய ரயில் சுரங்கங்களில் வதை முகாம் கைதிகளை வைத்து ராக்கெட் ஆயுதங்களுக்கான வேலை வாங்கியது. மைஷோஸிலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

இப்போது வெள்ளம். 1804 ஜூலை 21 அன்று வந்த வெள்ளத்தில் பள்ளத்தாக்கில் 63 பேர் செத்தார்கள். 1910 ஜூன் 13 இரவில் மறுபடி ஒன்று. 50 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் மேல் பள்ளத்தாக்கில் ரயில் பாதை போட வந்து கொட்டகைகளில் தூங்கிய கூலித் தொழிலாளிகள். 2021 ஜூலை 14 இரவு மூன்றாவது. ஐஃபெல் மலையில் ஏற்கெனவே ஊறிப்போன மண்ணில் பெருமழை கொட்டியது. ஆல்டெனாரில் அதுவரை அளந்த உச்சம் 2016இன் 3.71 மீட்டர், அன்றிரவு அளவுமானியே அடித்துக்கொண்டு போனது, பிறகு கணக்கிட்டதில் தண்ணீர் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறியிருந்தது. மரங்களும் கார்களும் கேம்பிங் வண்டிகளும் பாலங்களை அடைத்து, ஒவ்வொரு பாலமும் அணையாகி உடைந்தது. பக்கத்து ரெஷ் ஊரின் 18ஆம் நூற்றாண்டு நெபோமுக் கல்பாலம் 1910ஐத் தாங்கியது, 2021இல் உடைந்தது. எஞ்சியதைக் காப்பதா, அடுத்த வெள்ளத்தில் மறுபடி அடைக்கும் என்று இடிப்பதா என்று ஊரே இரண்டுபட்டது. பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதில் என் துறை சார்ந்து ஒரு வேதனை உண்டு. பான் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் பழைய சுவர்க் குறிகளையும் ஆவணங்களையும் வைத்து 1804, 1910 வெள்ளங்களின் அளவைப் பல வருடங்களுக்கு முன்பே கணக்கிட்டுவிட்டார்கள். 1804இல் வந்த நீர், 2021இல் வந்ததோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் அபாய வரைபடங்களுக்கு 1940களின் பிற்பகுதிக்குப் பிறகு கருவியால் அளந்த கணக்கை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். பெரிய வெள்ளங்கள் இரண்டும் அதற்கு முன்னாலேயே நடந்தவை. ஆவணக் காப்பகத்தில் இருந்த எச்சரிக்கை வரைபடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மைஷோஸுக்குச் சாலையும் ரயிலும் பாலமும் ஒரே இரவில் போயின. வெளியுலகத் தொடர்பு அறுந்து, முதல் நாட்களில் ஊர் தன்னைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. யார் எந்த வீட்டில் தனியாக இருக்கிறார், யாருக்கு எந்த மருந்து வேண்டும், யாரிடம் டிராக்டர் இருக்கிறது என்பது தீயணைப்புச் சங்கத்துக்கும் வாலிபர் சங்கத்துக்கும் பாட்டுக் குழுவுக்கும் ஏற்கெனவே தெரியும். சரிவில் இருந்த கொடிகள் பெரும்பாலும் தப்பின. நிலவறையும் இயந்திரங்களும்தான் போயின. சில வாரங்களில் அறுவடை வந்தபோது நாட்டின் பல பக்கங்களிலிருந்து தன்னார்வலர்கள் வந்து பறித்துக் கொடுத்தார்கள். சேற்றில் புதைந்த பாட்டில்களைக் கழுவாமல் அப்படியே "வெள்ள ஒயின்" என்று விற்றதில் பள்ளத்தாக்கின் மறுகட்டுமானத்துக்கு 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: சடங்குகளில் சில பழையவை, சில நூறு வருடம்கூட ஆகாதவை. ஆனால் மே மரம் வெட்டப் போகும் வாலிபர்களும், வெள்ளத்தன்று டிராக்டர் ஓட்டியவர்களும், சங்கத்துக்குத் திராட்சை கொண்டுவருபவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான், அல்லது அவர்களின் பிள்ளைகள். அந்தப் பின்னல் 1868க்கும் முந்தையது. அதைத்தான் நான் பழைய ஊர் என்று சொல்வேன்.

மறுபடி போவதாக இருந்தால் நவம்பரில், மார்ட்டின் திருநாளை ஒட்டி வரும் சனிக்கிழமை போங்கள். ஆர்வைலர் நெருப்பு எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மைஷோஸில் இறங்கி, கோயிலில் கறுப்புக் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஸாஃபென்புர்க் ஏறி, மேலிருந்து ஆற்றின் வளைவையும் ஊர் எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அங்கிருந்து சிவப்பு ஒயின் நடைபாதை வழியாக ஆர்வைலர் வரை நடக்கலாம். நல்ல ஷூ அவசியம், ஸ்லேட் கல் ஈரத்தில் வழுக்கும். எதிர்ச் சரிவு தெளிவாகத் தெரியும் இடம் இருட்டுவதற்கு முன்பே நிறைந்துவிடும், சீக்கிரம் போய் நின்றுகொள்ளுங்கள்.